தட்டு வடிவ முருகைக்கல்லை அடையாளம் காண்பது: திருகோணமலைக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடை ஓய்ந்து கடல் தெளியத் தொடங்கியதும் என் போனில் படங்கள் வந்து விழ ஆரம்பிக்கும். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் போய் வந்தவர்கள், உப்புவெளியில் குளித்தவர்கள், நிலாவெளிக் கரையில் ஏதோ ஒரு துண்டைக் கண்டெடுத்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் அனுப்புவார்கள்: "தட்டு மாதிரி இருக்கு, இது என்ன முருகை?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்துப்போய், பதில்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறேன்.

முருகைக்கல் என்பதும் பவளப்பாறை என்பதும் ஒன்றா?

ஒன்றுதான். இலங்கைப் பாடப்புத்தகங்களில் முருகைக்கல், தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பவளப்பாறை. நகைக்கடையில் விற்கும் சிவப்புப் பவளம் வேறு வகை உயிரி. அது இங்கே பேசும் வன்முருகைகளில் சேராது. குழப்பம் வேண்டாம் என்றுதான் நான் முருகை என்றே எழுதுகிறேன்.

தட்டு வடிவத்தில் இருந்தால் அது ஒரே இனம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான். தட்டு என்பது வெறும் உருவம். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு இல்லாத முருகைகள் அதே உருவத்தை எடுத்திருக்கின்றன.

காரணம் வெளிச்சம். முருகையின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துக் கொடுக்கும் சாப்பாட்டில்தான் முருகையின் பெரும்பகுதி வயிறு நிறைகிறது. குறைந்த கல்லைச் செலவழித்து அதிக வெயிலை வாங்க வேண்டுமென்றால் தட்டையாக விரிவதுதான் மலிவான வழி. இதனால்தான் வெளிச்சம் குறைந்த ஆழத்திலும் கலங்கல் நீரிலும் தட்டுகள் கூடுதலாகத் தென்படும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே இனம் இடத்துக்கு ஏற்ப உருவத்தை மாற்றிக்கொள்ளும். டர்பினேரியா மெசென்டெரினா என்ற முருகை, வெயில் கொட்டும் ஆழமற்ற நீரில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு நிற்கும். சற்று ஆழத்தில் அதுவே சுளகு போல விரிந்து கிடக்கும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

துளையை. முருகை என்பது பெரும்பாலும், பொலிப்பு எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பொலிப்பும் தனக்கென்று ஒரு சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்ளும். துளையாகத் தெரிவது அதுதான். அந்தக் கிண்ணத்தின் அளவு, அது மேடாக நிற்கிறதா பதிந்து கிடக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே உள்ள இடம் வழவழப்பா சொரசொரப்பா என்ற நான்கையும் பார்த்தால் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அளவுக்கு நான் அடுக்களைச் சாமான்களைத்தான் வைத்துக்கொள்கிறேன். கசகசா ஏறக்குறைய 1 மில்லிமீற்றர், கடுகு 2 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, பாசிப்பயறும் மிளகும் 4 முதல் 5 மில்லிமீற்றர். கடலுக்குள் அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மிளகு எவ்வளவு பெரிது என்பது எல்லாருக்கும் கையிலேயே தெரியும். ஒன்று மட்டும் கவனம்: மாஸ்க் வழியே தண்ணீருக்குள் பார்க்கும்போது எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மிளகு என்று தோன்றினால் அது அதைவிடக் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும்.

புறாமலையில் ஒற்றைக் காலில் மேசை போல நிற்கிறதே, அது எது?

அக்ரோபோரா. இடியப்பத் தட்டைக் குட்டையான ஒரு காலில் நிறுத்தியதுபோல இருக்கும். கீழே மீன்கள் நிழலுக்கு ஒதுங்கும். கருநுனிச் சுறாக் குட்டிகளைத் தேடிப் போகிறவர்கள் இந்த மேசைகளுக்கு மேலாகத்தான் நீந்துகிறார்கள், பெரும்பாலும் கவனிக்காமல்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பலகை. கிட்டப் போனால் அது பலகையே இல்லை. கிடையாக ஓடும் கிளைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிய வலை. அதன் மேல் சின்னவிரல் நகம் உயரத்தில் குச்சி குச்சியாக எழும்பி நிற்கும். ஒரு குச்சியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். உச்சியில் நேராக மேலே பார்க்கும் ஒரே ஒரு கிண்ணம். அதைச் சுற்றிப் பக்கவாட்டில் பாதி திறந்த வாய்கள் போலச் சாய்ந்த சின்னக் கிண்ணங்கள். நுனிக்கு ஒன்று, பக்கங்களில் பல என்ற இந்த ஏற்பாடுதான் அக்ரோபோராவின் கையெழுத்து. மான்கொம்பு போலக் கிளைத்தாலும் மேசையாக விரிந்தாலும் இது மாறாது. தட்டு வடிவ முருகைகளில் நுனிக் கிண்ணத்தைக் கண்டுவிட்டீர்களானால் வேறு பேரினம் தேட வேண்டியதில்லை.

மேசைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. குச்சிகள் மெலிந்து நீண்டு கூராக இருந்தால் அக்ரோபோரா சைத்தீரியா. குட்டையாக, மேலிருந்து பார்க்கையில் ஒவ்வொன்றும் விரிந்த சின்னப் பூப் போல இருந்தால் அக்ரோபோரா ஹையசிந்தஸ். குச்சிகளே எழும்பாமல் பிரம்புக் கதிரையின் பின்னல் போலத் தட்டையாகக் கிடந்தால் அக்ரோபோரா கிளத்ராட்டா. ஹையசிந்தஸ் என்று ஒரே பெயரில் கூப்பிட்டு வந்தவை உண்மையில் பல இனங்களின் கூட்டம் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே படத்தைப் பார்த்து அந்தப் பெயரை அடித்துச் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்துடன் கேளுங்கள், என்னையும் சேர்த்து.

வளர்ச்சியில் இவை அவசரக்காரர்கள். நல்ல நிலைமையில் ஒரு மேசையின் குறுக்களவு ஆண்டுக்கு 5 முதல் 10 சென்றிமீற்றர் வரை கூடும். உருண்டைப் பாறையாக வளரும் பொரைட்டீஸ் ஆண்டுக்கு ஒரு சென்றிமீற்றர் அளவில்தான் நகரும். அவசரத்துக்கு விலையும் இருக்கிறது: ஒற்றைக் கால் என்பதால் பெரிய அலையிலோ ஒருவர் மேலே ஏறி நின்றாலோ முழு மேசையும் கவிழ்ந்துவிடும்.

கோவா இலை போல அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கிறது. மொண்டிபோராவா, டர்பினேரியாவா?

அதிகம் பிழை விடும் இடம் இது. நானே பல வருடம் பிழை விட்டிருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட பாறையின் கிழக்குப் பக்கம் இருந்த பழுப்புச் சுருளை ஒவ்வொரு பருவமும் பார்த்து "மொண்டிபோரா" என்று கொப்பியில் எழுதி வந்தேன். ஒரு நாள் கண்ணாடியில் ஆவி படிந்து சரியாகத் தெரியவில்லை என்று மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போனேன். துளைகள் எரிமலை வாய் போல மேடாக, கடுகை உள்ளே போட்டு வைக்கலாம் போல இருந்தன. டர்பினேரியா! வீட்டுக்கு வந்து நான்கு வருடக் குறிப்பைச் சிவப்புப் பேனாவால் வெட்டினேன்.

வித்தியாசம் இதுதான். மொண்டிபோராவின் கிண்ணங்கள் மிகச் சின்னவை, ஒரு மில்லிமீற்றரைத் தொடாதவை. கசகசாகூட உள்ளே இறங்காது. அவை மேற்பரப்பில் ஊசி குத்திய மாதிரிப் பதிந்திருக்கும். கிண்ணங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மொட்டுகளோ முகடுகளோ எழும்பியிருக்கும். சில இனங்களில் அந்த மொட்டுகள் கிண்ணத்தைவிடப் பெரியவை, ஆகவே முதலில் கண்ணில் படுவது துளை இல்லை, மொட்டுத்தான். அதைத் துளை என்று எண்ணி ஏமாறாதீர்கள். தட்டு மெல்லியது, ஓரம் கண்ணாடித் துண்டு போலக் கூர்மையானது.

டர்பினேரியாவின் கிண்ணங்கள் உருண்டையாக, விளிம்பு தடித்து, தனித்தனியாக நிற்கும். மெசென்டெரினாவில் கடுகளவு, பெல்டாட்டா இனத்தில் மிளகளவு. பெல்டாட்டாவில் பகலிலேயே பொலிப்புகள் விரல்களை நீட்டிக்கொண்டிருக்கும். தட்டு முழுவதும் பூத்த மாதிரி. இலை போல விரியும் டர்பினேரியாவில் கிண்ணங்கள் பெரும்பாலும் மேல்பக்கத்தில் மட்டும்தான். தட்டும் மொண்டிபோராவைவிடத் தடிப்பு, நடுவில் குழிந்து அப்பம் போல இருக்கும். கலங்கல் நீரைத் தாங்கும் முருகை இது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவைப் போல வண்டல் சேரும் நீருக்கு அக்ரோபோராவைவிட இதுவே ஏற்றது.

உறவுமுறை கேட்டால் வியப்பாக இருக்கும். மொண்டிபோராவும் அக்ரோபோராவும் ஒரே குடும்பம். ஆனால் அச்சு அசல் மொண்டிபோரா போலவே சுருளும் டர்பினேரியா, நிழற்குகைகளில் வாழும் செம்மஞ்சள் நிறச் சூரிய முருகையின் குடும்பம்.

வேறு எந்தத் தட்டுகள் இருக்கின்றன?

இருக்கின்றன, ஆனால் இவற்றை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பழைய கிராமபோன் தட்டு மாதிரி, விளிம்புக்கு இணையாக வரிவரியாக ஓடும் மேடுகள் இருந்து, துளை எங்கே என்று தேட வேண்டியிருந்தால் அது பக்கிசெரிஸ் ஸ்பெசியோசா. நிழலும் ஆழமும் அதற்குப் பிடிக்கும்.

மேடுகள் விளிம்புக்கு இணையாக இல்லாமல் நடுவிலிருந்து பனையோலை விசிறி போலக் கிளைத்து ஓடினால் மெருலினா. ஒவ்வொரு கிண்ணமும் மூக்கைத் தூக்கிக்கொண்டு தட்டின் ஓரத்தையே பார்த்துச் சாய்ந்திருந்தால் மைசீடியம். பாசிப்பயறளவு மேடுகள் சிதறிக் கிடந்து, நடுவில் உள்ள இடம் முள்ளு முள்ளாகப் பலாக்காய்த் தோலை நினைவுபடுத்தினால் எக்கினோபோரா லமெல்லோசா. இது மெல்லிய தட்டுகளை ரோசாப்பூ இதழ் போலச் சுற்றி அடுக்கும். மொண்டிபோரா என்று பெயரிடப்பட்டு எனக்கு வரும் படங்களில் இதுவும் இருக்கும்.

எதிலும் ஒட்டாமல் மணலில் தனியாகக் கிடக்கிறது, நடுவில் ஒரு கீறல். உயிருள்ளதா?

பெரும்பாலும் உயிருள்ளதுதான், தொடாதீர்கள். இது காளான் முருகை. காளானைக் கவிழ்த்துப் பிடித்தால் கீழே தெரியும் செதில் வரிகள் போலவே நடுவிலிருந்து விளிம்புவரை தகடுகள் ஓடும். நடுவில் உள்ள கீறல் அதன் வாய். முழுத் தட்டுக்கும் ஒரே பொலிப்பு, ஒரே வாய். உள்ளங்கை அளவு உயிரி ஒற்றை ஆளாக இருப்பதை முதலில் அறிந்தபோது எனக்கே நம்பமுடியவில்லை.

குஞ்சாக இருக்கையில் ஒரு காம்பில் ஒட்டி வளரும். பிறகு காம்பு அறுந்து, தட்டு மணலில் விழுந்து தன் பாட்டுக்கு வாழும். கவிழ்ந்துபோனால் சதையை ஊதிப் பெருக்கி மெல்ல மெல்லத் திரும்பப் படுக்கவும் தெரியும். முன்பு இவற்றில் பலவற்றை ஃபஞ்சியா என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார்கள். 2011இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு அது பல பேரினங்களாகப் பிரிந்தது. பழைய நூல்களில் ஒரு பெயரும் புதிய பட்டியலில் வேறு பெயரும் இருந்தால் தடுமாற வேண்டாம்.

மீன்தொட்டிக் கடைகளில் "பிளேட் கோரல்" என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். அந்தப் பெயரை வைத்துப் படம் தேடிப் பார்த்துவிட்டு, "புறாமலை மேசை இப்படி இல்லையே" என்று கேட்பவர்கள் கனக்க. இரண்டும் வேறு வேறு.

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாதா?

முடியாது. ஒரே இனம் பழுப்பு, பச்சை, ஊதா என்று பல நிறங்களில் வரும். பழுப்பு பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாசியின் நிறம். போன் கமரா நீலத்தைக் கூட்டிக் காட்டுவது தனிக் கதை.

தட்டின் ஓரம் வெள்ளையாக இருக்கிறது. நோயா?

விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்குள் ஒரே சீராக வெள்ளை என்றால் மகிழ்ச்சியடையுங்கள். அது வளரும் ஓரம். அங்கே பாசி இன்னும் முழுதாகக் குடியேறவில்லை.

நடுவில் திட்டாக வெள்ளை, எல்லை கோடு போட்டதுபோலத் தெளிவாக இருந்தால் யாரோ தின்றிருக்கிறார்கள். முள்முடி நட்சத்திர மீனைத் தேடிப் பாருங்கள், பகலில் தட்டுக்குக் கீழேயே ஒளிந்திருக்கும். அக்ரோபோராவும் மொண்டிபோராவும் அதற்கு விருப்பமான சாப்பாடு. கிளைகளின் அடியில் சின்னச் சங்குகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் அவையும் குற்றவாளிகள்தான்.

முழுத் தட்டும், பக்கத்துத் தட்டுகளும் சேர்ந்து வெளுத்திருந்தால் அது வெப்பம். நீர் சூடேறும்போது உள்ளே இருக்கும் பாசி வெளியேறிவிடும். வெளுத்த முருகை செத்த முருகை இல்லை. கிட்டப் பார்த்தால் கண்ணாடி போன்ற சதை தெரியும், சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பிழைக்கலாம். வெள்ளைக்கு மேல் பச்சைப் பாசி படர ஆரம்பித்துவிட்டால்தான் கதை முடிந்தது. 1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் முருகைகள் பெருமளவு வெளுத்து அழிந்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அதன் பிறகு இந்தக் கரையும் வெப்பத்துக்கு விலக்கில்லை.

முருகை போலவே இருந்து ஏமாற்றுபவை?

முதலில் தீ முருகை. கடுகுச் சாந்து மஞ்சள் நிறத்தில், நிமிர்ந்த பலகைகளாக, வெளிறிய ஓரத்துடன் நிற்கும். மேற்பரப்பு வழவழப்பு. துளைகள் வெறும் ஊசிக்குத்து. உள்ளே தகடுகளே இராது. கை பட்டால் காஞ்சோண்டி பட்டதுபோல எரியும். இது வன்முருகை இல்லை, தூரத்துச் சொந்தம்.

இரண்டாவது விசிறிப் பாசி. ஆழமற்ற பாறைகளில் வெளிறிய பழுப்பில், வளைய வரிகளுடன் சின்ன விசிறிகள். விரலால் தண்ணீரை அசைத்தால் ஆடும். முருகை ஆடாது. மூன்றாவது, பாறையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசியதுபோலத் தட்டையாகப் படர்ந்த சுண்ணாம்புப் பாசி. அதில் எவ்வளவு தேடினாலும் கிண்ணம் கிடைக்காது.

கரையில் ஒதுங்கிய துண்டில் அடையாளம் காணலாமா? வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

முதல் கேள்விக்கு ஆம். சொல்லப்போனால் செத்த துண்டில்தான் கிண்ணம் வடிவாகத் தெரியும், ஏனென்றால் மேலே சதை இல்லை. பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் போதும். அலையில் உருண்டு தேய்ந்த மேல்பக்கத்தை விட்டுவிட்டு, பள்ளமான இடத்தையோ குச்சிகளுக்கு இடைப்பட்ட மடிப்பையோ பாருங்கள். தேயாத கிண்ணம் அங்கேதான் மிஞ்சியிருக்கும். வெயிலைச் சாய்வாக விழவிட்டால் மேடு பள்ளம் தெளிவாகும்.

இரண்டாவதற்கு இல்லை. புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. எல்லா வன்முருகைகளும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் விமானத்தில் கொண்டு போனாலும் சிக்கல். முன்பு இந்தக் கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையோரத்தில் முருகை அகழ்வது 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துடன் தடையானது.

எப்போது, எங்கே பார்க்கலாம்?

மே முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அமைதியாக இருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடையும் மழையும் கடலைக் கலக்கிவிடும். புறாமலை நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். வள்ளத்தில் சில நிமிடம். காலை ஏழு, எட்டு மணிக்கே போய்விடுங்கள். கூட்டமும் இராது, கிளறிவிட்ட மணலும் இராது.

அடையாளம் கேட்டு அனுப்ப எப்படிப் படம் எடுப்பது?

மூன்று படம். முழு முருகையும் தெரிய ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஓரமும் காலும் தெரிய ஒன்று, கிண்ணம் தெரிய மிகக் கிட்டத்தில் ஒன்று. எனக்கு வருபவற்றில் பத்துக்கு ஒன்பது முதல் வகை மட்டும்தான், அதிலும் பாதியில் முன்னால் யாராவது பெருவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆழத்தையும் இடத்தையும் எழுதுங்கள். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் வெளிநாட்டு வல்லுநர்களும் பார்ப்பார்கள்.

மூன்று படமும் அனுப்பினேன். ஏன் "மொண்டிபோரா, இனம் தெரியாது" என்றே பதில் வருகிறது?

ஏனென்றால் அதுதான் நேர்மையான பதில். மொண்டிபோராவில் இனம் பிரிக்க, எலும்புக்கூட்டைச் சுத்தப்படுத்தி நுண்நோக்கியில் வைத்து, கிண்ணத்துக்குள் இருக்கும் முள் வரிசைகளைப் பார்க்க வேண்டும். சில சமயம் அதுவும் போதாமல் மரபணு வரை போக வேண்டியிருக்கும். அதற்காக உயிருள்ள தட்டை உடைக்க அனுமதி பெற்ற ஆய்வாளருக்குத்தான் உரிமை. சைத்தீரியா, பக்கிசெரிஸ் போன்றவற்றில் நான் இனம் வரை சொல்வேன். மற்றவற்றில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன். அடுத்த பருவம் அதே தட்டை அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றாவது அளந்து சொல்கிறேன்.